அத்தியாயம் 7: வளரும் அணி – எத்தனை வரும் என்று தெரியாத தரவுக்கு இடம் ஒதுக்குவது

மழைமானி நிலையங்களின் பதிவுக் கோப்பு ஒன்றை உங்கள் நிரல் படிக்க வேண்டும். வரிக்கு ஒரு பதிவு: தேதி, நிலைய எண், மில்லிமீட்டரில் மழை. மொத்தம் எத்தனை வரிகள் என்பது கோப்பைக் கடைசிவரை படித்தால்தான் தெரியும். ஆனால் முதல் வரியைப் படித்த கணமே அதை வைக்க நினைவகத்தில் இடம் வேண்டும். ஆயிரம் போதும் என்று அணியை அறிவித்தால், 1,001-ஆவது பதிவு பக்கத்திலிருக்கும் வேறு தரவின் மேல் போய் உட்காரும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோடி அறிவித்தால், பத்து வரிக் கோப்புக்கும் அத்தனை இடம் முடங்கிக் கிடக்கும்.

தேவைக்கேற்ப வளரும் அணியைச் சி மொழியில் நீங்களே கட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. பைத்தானின் லிஸ்ட், ஜாவாவின் அரேலிஸ்ட், சி++ மொழியின் வெக்டர் ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இதே அமைப்புதான். அங்கே மொழி உங்களுக்காகச் செய்துவிடுகிறது. சி மொழியில் ஒவ்வொரு படியும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

படிகளைச் சொற்களில் தருகிறேன். எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் படித்தவுடன் நீங்களே நிரலாக எழுதுங்கள். பார்த்து எழுதுவதைவிட இப்படி எழுதும்போது படிகளின் வரிசை மனதில் நிற்கும்.

தேவையானவை

- ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர்
- மேலாக், ரீஅலாக், ஃப்ரீ ஆகிய மூன்று ஃபங்ஷன்களின் பெயரளவு அறிமுகம்
- பாயின்டர் என்பது ஒரு முகவரி என்ற புரிதல்

## எங்கே வைப்பது?

ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண அணி ஸ்டாக்கில் அமர்கிறது. அந்த இடம் சிறியது. லினக்ஸில் முதன்மைத் திரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. அதைத் தாண்டினால் நிரல் அந்த இடத்திலேயே விழும். பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் வாய்ப்பே கிடைக்காது.

1999-ஆம் ஆண்டின் சி தரம், நிரல் ஓடும்போது அளவைத் தீர்மானிக்கும் ஸ்டாக் அணிகளை அனுமதித்தது. வெளியிலிருந்து வரும் எண்ணை அப்படியே அளவாகக் கொடுத்தால் ஸ்டாக் உடையும் என்பதால் இதில் ஆபத்து அதிகம். 2011-ஆம் ஆண்டுத் தரம் அதைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸ் கெர்னலிலிருந்து 2018-இல் அவற்றை முழுவதுமாக நீக்கினார்கள். நீங்களும் தவிர்த்துவிடுங்கள்.

அளவு தெரியாத தரவுக்கு ஹீப் தான் சரியான இடம். மேலாக் கொடுத்து வாங்குகிறோம், ரீஅலாக் கொடுத்து அளவை மாற்றுகிறோம், ஃப்ரீ கொடுத்துத் திருப்பித் தருகிறோம்.

## அடிப்படை: மூன்று மதிப்புகள், ஒரு விதி

வளரும் அணி என்பது மூன்று மதிப்புகள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட்:

1. முகவரி – தரவு ஹீப்பில் எங்கே தொடங்குகிறது.
2. எண்ணிக்கை – இப்போது எத்தனை பதிவுகள் இருக்கின்றன.
3. கொள்ளளவு – வாங்கிய இடத்தில் எத்தனை பதிவுகள் பிடிக்கும்.

எண்ணிக்கை ஒருபோதும் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. கொள்ளளவு ஒருபோதும் உண்மையில் வாங்கிய இடத்தைவிட அதிகமாகச் சொல்லக் கூடாது. இந்த இரண்டும் நிரலின் எந்த வரியில் நிறுத்திப் பார்த்தாலும் உண்மையாக இருக்க வேண்டும். நடுவில் இடம் கிடைக்காமல் போனாலும் சரி, கோப்பில் தவறான வரி வந்தாலும் சரி.

அதற்கு வழி, வேலைகளை ஒரே வரிசையில் செய்வது. இந்த அத்தியாயம் முழுவதற்குமான விதி இதுதான்:

முதலில் இடம், பிறகு தரவு, கடைசியில் எண்ணிக்கை.

இடம் கிடைத்தது உறுதியான பிறகே தரவை எழுதுங்கள். தரவு எழுதி முடிந்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கீழே வரும் தவறுகளில் சில இந்த வரிசையை மாற்றியதால் வருபவை.

> குறிப்பு: எண்ணிக்கைக்கும் கொள்ளளவுக்கும் இன்ட் வேண்டாம்; சைஸ்-டி வகையைப் பயன்படுத்துங்கள். அந்த வகையில் எதிர்ம எண் கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது அதிலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த வகையின் மிகப் பெரிய எண் வந்து நிற்கும். கடைசி உறுப்பை எடுக்கும் முன் அணி காலியா என்று பாருங்கள்.

## செய்முறை 1: பதிவின் ஸ்ட்ரக்டை அமைத்தல்

1. ஒரு பதிவுக்குத் தேவையானதை எழுதிக்கொள்ளுங்கள்: தேதிக்கு 4 பைட் முழு எண், மழைக்கு 8 பைட் டபுள், நிலைய எண்ணுக்கு 4 பைட் முழு எண்.
2. இதே வரிசையில் ஸ்ட்ரக்டை அறிவித்து சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள். 64-பிட் கணினியில் 16 வராது, 24 வரும். டபுள் 8-இன் மடங்கான முகவரியில் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நடுவில் 4 பைட்டும் கடைசியில் 4 பைட்டும் காலியாக விடுகிறது.
3. இப்போது பெரியதை முன்னே கொண்டுவாருங்கள்: மழை, தேதி, நிலைய எண். அளவு 16 ஆகிவிடும்.

ஒரு பதிவுக்கு 8 பைட் என்றால் சின்னதாகத் தோன்றும். 10 லட்சம் பதிவுகளில் அது 80 லட்சம் பைட்.

> தவறு: அளவைக் கையால் கூட்டி 16 என்று நிரலில் எழுதுவது. நாளை ஸ்ட்ரக்டில் ஒரு புலத்தைச் சேர்த்தால் அந்த எண் பொய்யாகிவிடும். எப்போதும் சைஸ்ஆஃப் பயன்படுத்துங்கள். அதிலும், பாயின்டரின் அளவைக் கேட்டுவிடாமல் அது சுட்டும் பதிவின் அளவைக் கேட்கிறீர்களா என்று பாருங்கள். 64-பிட் கணினியில் பாயின்டருக்கு எப்போதும் 8 தான் வரும்.

## செய்முறை 2: காலி அணியைத் தொடங்குதல்

1. முகவரிக்கு நல் மதிப்பைக் கொடுங்கள்.
2. எண்ணிக்கைக்கு 0 கொடுங்கள்.
3. கொள்ளளவுக்கு 0 கொடுங்கள்.

இப்போதைக்கு இடம் எதுவும் வாங்க வேண்டாம். ரீஅலாக்குக்கு நல் முகவரியைக் கொடுத்தால் அது மேலாக் போலவே நடந்துகொள்ளும் என்று தரம் உறுதி சொல்கிறது. ஆகவே முதல் ஒதுக்கீட்டுக்குத் தனி நிரல் தேவையில்லை.

இந்த மூன்று வரிகளைத் தொடங்கு என்ற ஃபங்ஷனுக்குள் வையுங்கள். தொடங்காமல் விட்ட பாயின்டரில் ஏதோ ஒரு பழைய எண் இருக்கும். அதை ரீஅலாக்கிடம் கொடுத்தால் நிரல் எங்கே எப்போது விழும் என்று சொல்லவே முடியாது.

## செய்முறை 3: வளர்த்தல்

அத்தியாயத்தின் இதயம் இந்தப் பகுதிதான். நிதானமாகச் செய்யுங்கள்.

1. புதிய கொள்ளளவைக் கணக்கிடுங்கள். இப்போதைய கொள்ளளவு 0 என்றால் 4. இல்லையென்றால் இப்போதிருப்பதன் இரு மடங்கு.
2. பெருக்கலுக்கு முன் எல்லையைச் சோதியுங்கள். கொள்ளளவை இரட்டிக்கும் முன், அது சைஸ்-டி கொள்ளும் பெரும எண்ணின் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பிறகு, புதிய கொள்ளளவு அந்தப் பெரும எண்ணைப் பதிவின் அளவால் வகுத்து வருவதைவிடப் பெரிதா என்று பாருங்கள். எதிலாவது ஆம் என்றால் தோல்வி என்று திருப்பி அனுப்புங்கள்.
3. ரீஅலாக்கை அழைத்து விடையைத் தற்காலிகப் பாயின்டரில் வாங்குங்கள். அணியின் முகவரியில் நேரடியாக வாங்காதீர்கள்.
4. தற்காலிகப் பாயின்டர் நல் ஆ என்று பாருங்கள். நல் என்றால் அணியைத் தொடாமல் தோல்வி என்று திருப்பி அனுப்புங்கள்.
5. இடம் கிடைத்திருந்தால் முகவரியையும் கொள்ளளவையும் அடுத்தடுத்த வரிகளில் மாற்றுங்கள். எண்ணிக்கையைத் தொடாதீர்கள்.

### மூன்றாம் படி ஏன் முக்கியம்?

இடம் இல்லையென்றால் ரீஅலாக் நல் திருப்பும். பழைய இடமும் அதிலுள்ள தரவும் அப்படியே இருக்கும். விடையை அணியின் முகவரியிலேயே வாங்கியிருந்தால் அந்த நல், பழைய முகவரியின் மேல் எழுதப்பட்டுவிடும். தரவு நினைவகத்தில் பத்திரமாக இருக்கும், அதை அடையும் வழிதான் இருக்காது. ஃப்ரீ செய்யவும் முடியாது. தற்காலிகப் பாயின்டர் ஒன்று போதும். அதுவரை சேர்த்த அத்தனை பதிவுகளையும் அது காப்பாற்றும்.

### இரண்டாம் படி ஏன் முக்கியம்?

32-பிட் கணினியில் 26,84,35,457 பதிவுகளுக்கு, பதிவுக்கு 16 பைட் வீதம் இடம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான விடை 429,49,67,312. ஆனால் 32 பிட்டுக்குள் அடங்குவது 429,49,67,295 வரைதான். அதனால் பெருக்கல் சுற்றி வந்து 16 என்று நிற்கும். மேலாக் 16 பைட்டை மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடும். நல் வரவில்லை என்பதால் உங்கள் நிரலும் இருபத்தாறு கோடிப் பதிவுக்கு இடம் கிடைத்ததாக நம்பி எழுதத் தொடங்கும். பல பாதுகாப்பு ஓட்டைகளின் மூலம் இந்த ஒற்றைப் பெருக்கல்தான்.

> குறிப்பு: லினக்ஸின் ஜிலிப்சி 2.26 முதல், ரீஅலாக்அரே என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டியில் முதலில் வந்தது. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு பெருக்கலைத் தானே சோதிக்கும். உங்கள் கணினியில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

### எவ்வளவு வளர்ப்பது?

10 லட்சம் பதிவுகளைச் சேர்க்கிறீர்கள். வளரும் ஒவ்வொரு முறையும் அணி புது இடத்துக்கு நகர்கிறது என்றால், பழைய பதிவுகளைப் பிரதி எடுக்கும் வேலை இவ்வளவு ஆகும்:

- ஒவ்வொன்றாக வளர்த்தால்: ஏறத்தாழ 50,000 கோடிப் பிரதிகள்
- நூறு நூறாக வளர்த்தால்: ஏறத்தாழ 500 கோடிப் பிரதிகள்
- 4-இல் தொடங்கி இரட்டித்தால்: 10,48,572 பிரதிகள்

இரட்டிக்கும்போது 4-இலிருந்து 10,48,576 வரை வளர 18 முறைதான் ரீஅலாக் தேவை. பதிவுக்கு ஏறத்தாழ ஒரு பிரதி என்ற கணக்கில் செலவு அடங்கிவிடுகிறது. கூட்டி வளர்ப்பதற்கும் பெருக்கி வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

இரட்டிப்பதில் ஒரு விலை உண்டு. வளர்ந்த உடனே பாதி இடம் காலியாக இருக்கும். நகரும் நேரத்தில் பழைய இடமும் புது இடமும் ஒன்றாக இருக்கும்: 16 எம்பி அணி 32 ஆக வளர, ஒரு கணம் 48 எம்பி தேவைப்படலாம். இடம் நெருக்கடி என்றால் ஒன்றரை மடங்காக வளருங்கள். ஜிசிசியோடு வரும் சி++ வெக்டர் இரட்டிக்கிறது. மைக்ரோசாஃப்டின் வெக்டரும் ஜாவாவின் அரேலிஸ்டும் ஒன்றரை மடங்கைத் தேர்ந்திருக்கின்றன.

> தவறு: ஒன்றரை மடங்கைக் கொள்ளளவு 1-இல் தொடங்குவது. முழு எண் வகுத்தலில் 1-இன் பாதி 0. ஆகவே புதிய கொள்ளளவும் 1 தான். அணி வளரவே வளராது. 0-இன் இரு மடங்கும் 0 தான். இதனால்தான் முதல் படியில் 0-க்குத் தனியாக 4 கொடுத்தோம்.

> எச்சரிக்கை: ரீஅலாக்கிடம் அளவாக 0 கொடுக்காதீர்கள். கணினிக்குக் கணினி வேறுபட்டு நடந்துகொண்டிருந்த இந்த அழைப்பை, சி மொழியின் சி23 தரம் வரையறையற்ற நடத்தை என்றே அறிவித்துவிட்டது. இடத்தை விட வேண்டும் என்றால் ஃப்ரீ செய்யுங்கள்.

## செய்முறை 4: ஒரு பதிவைச் சேர்த்தல்

1. எண்ணிக்கையும் கொள்ளளவும் சமமா என்று பாருங்கள்.
2. சமம் என்றால் வளர்க்கும் ஃபங்ஷனை அழையுங்கள். அது தோற்றால் நீங்களும் தோல்வியைத் திருப்பி அனுப்புங்கள்.
3. எண்ணிக்கை காட்டும் இடத்தில் பதிவை எழுதுங்கள். உறுப்புகள் 0-இலிருந்து எண்ணப்படுவதால், எண்ணிக்கையே அடுத்த காலி இடத்தின் எண்.
4. எண்ணிக்கையை 1 கூட்டுங்கள்.
5. வெற்றி என்று திருப்பி அனுப்புங்கள்.

அழைக்கும் இடத்தில் அந்த விடையைக் கட்டாயம் பாருங்கள். இடம் கிடைக்காதபோது, இதுவரை படித்ததைக் கோப்பில் சேமித்துவிட்டுப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லி நிறுத்துவது நாகரிகம்.

> தவறு: எழுத்துச் சரத்தைச் சேர்க்கும்போது இறுதிப் பூஜ்ய பைட்டுக்கு இடம் விடாதது. 12 பைட் நீளமுள்ள சரத்துக்கு 13 பைட் வாங்க வேண்டும். தமிழில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். "மழை" என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து. குறியீட்டில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று. நினைவகத்தில் 9 பைட். இறுதிப் பூஜ்யத்தோடு 10. இடம் வாங்கும்போது எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுங்கள்.

## பழைய முகவரி: மிகப் பெரிய ஆபத்து

வளரும்போது அணி இடம் மாறலாம் என்றோம். குடும்பம் பெருகிப் பெரிய வீட்டுக்குக் குடிபோனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டால், அங்கே இப்போது குடியிருப்பவர் கையில்தான் அது கிடைக்கும். பாயின்டருக்கும் அதே நிலைதான். ஐந்தாவது பதிவின் முகவரியை ஒரு பாயின்டரில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு நாலு பதிவுகளைச் சேர்த்தால், அந்தப் பாயின்டர் விடுவிக்கப்பட்ட இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். சில நாள் சரியாக ஓடும். ஒரு நாள் தரவு கெடும்.

இதைத் தவிர்க்க:

1. வரிசை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் முகவரியைச் சேமிக்காமல் 4 என்ற அதன் எண்ணைச் சேமியுங்கள். அணி எங்கே நகர்ந்தாலும் எண் மாறாது.
2. முகவரி வேண்டுமென்றால் அப்போதே எடுத்து அப்போதே விடுங்கள். நடுவில் சேர்த்தல் வரக் கூடாது.
3. தன் உறுப்பையே தன்னிடம் சேர்க்கும்போது கவனம். சேர்க்கும் ஃபங்ஷனுக்கு அதே அணியின் முதல் பதிவுடைய முகவரியைக் கொடுத்தால், உள்ளே அணி வளர்ந்து நகர்ந்ததும் அந்த முகவரி செத்துவிடும். முதலில் ஒரு தனி மாறியில் பிரதி எடுத்து, அதைக் கொடுங்கள்.

ரீஅலாக் அதே முகவரியைத் திருப்பினாலும் பழைய பாயின்டரை நம்பாதீர்கள். இன்று நகராத அணி நாளை வேறு கணினியில் நகரும்.

## செய்முறை 5: நீக்குதல்

வரிசை மாறக் கூடாது என்றால்:

1. நீக்க வேண்டிய எண், எண்ணிக்கையைவிடச் சிறியதா என்று சோதியுங்கள்.
2. அதற்குப் பின்னாலுள்ள பதிவுகளை ஓரிடம் முன்னே நகர்த்துங்கள். மெம்மூவ் பயன்படுத்துங்கள். மூல இடமும் சேர வேண்டிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மெம்காப்பி இங்கே தவறு.
3. எண்ணிக்கையை 1 குறையுங்கள்.

வரிசை முக்கியமில்லை என்றால்:

1. கடைசிப் பதிவை நீக்க வேண்டிய இடத்தில் பிரதி எடுங்கள்.
2. எண்ணிக்கையை 1 குறையுங்கள்.

இரண்டாவது வழியில் அணி எவ்வளவு பெரிதானாலும் ஒரே ஒரு பிரதிதான்.

நிறைய நீக்கிய பிறகு இடத்தைத் திருப்பித் தர விரும்பினால், எண்ணிக்கை கொள்ளளவின் கால்பங்குக்கு இறங்கிய பிறகு கொள்ளளவைப் பாதியாக்குங்கள். பாதிக்கு இறங்கிய உடனே சுருக்கினால், எல்லையில் நின்று ஒன்று சேர்க்க, ஒன்று நீக்க, மறுபடி ஒன்று சேர்க்க என்று போகும்போது ஒவ்வொரு முறையும் அணி முழுவதும் நகரும். பெரும்பாலான நிரல்களுக்குச் சுருக்கவே தேவையில்லை.

## செய்முறை 6: விடுவித்தல்

1. பதிவுகளுக்குள் தனியாக ஹீப்பில் வாங்கிய சரங்கள் இருந்தால், 0 முதல் எண்ணிக்கைக்கு முந்தையது வரை ஒவ்வொன்றையும் முதலில் ஃப்ரீ செய்யுங்கள். கொள்ளளவு வரை போகாதீர்கள். அங்கே தொடங்கப்படாத குப்பை இருக்கும்.
2. பிறகு அணியின் முகவரியை ஃப்ரீ செய்யுங்கள்.
3. முகவரிக்கு நல், எண்ணிக்கைக்கும் கொள்ளளவுக்கும் 0 கொடுங்கள்.

மூன்றாம் படியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். நல்லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது என்று தரம் சொல்கிறது. ஆகவே தவறுதலாக இரண்டாம் முறை அழைத்தாலும் நிரல் பிழைத்துக்கொள்ளும்.

> எச்சரிக்கை: கடவுச்சொல் போன்ற இரகசியங்களை ரீஅலாக் செய்யாதீர்கள். அணி நகர்ந்தால் பழைய இடத்தில் ஒரு பிரதி அழியாமல் கிடக்கும். புது இடம் வாங்கி, பிரதி எடுத்து, பழையதை அழித்து, பிறகு ஃப்ரீ செய்யுங்கள். அழிக்க வெறும் மெம்செட் போதாது. இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று கண்டு கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். இதற்கென்றே இருக்கும் எக்ஸ்ப்ளிசிட்-பிஜீரோ போன்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

## தலைப்பும் தரவும் ஒரே துண்டில்

சில வேலைகளில் தரவு வந்த பிறகு வளராது. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளம். நெட்வொர்க் பாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். இதற்கு 1999-ஆம் ஆண்டுத் தரம் ஒரு வழி தந்தது: ஸ்ட்ரக்டின் கடைசி உறுப்பாக, அளவு எழுதாத வெற்றுச் சதுர அடைப்புக்குறியோடு ஓர் அணியை அறிவிக்கலாம்.

1. ஸ்ட்ரக்டில் முதலில் நீளத்தை வையுங்கள். கடைசியில் அளவில்லா அணி.
2. ஸ்ட்ரக்டின் அளவோடு, நீளத்தை உறுப்பின் அளவால் பெருக்கிக் கூட்டி ஒரே மேலாக் செய்யுங்கள். பெருக்கலையும் கூட்டலையும் முன்போலச் சோதியுங்கள்.
3. முடிந்ததும் ஒரே ஃப்ரீ.

> தவறு: இத்தகைய ஸ்ட்ரக்டைச் சமக்குறி போட்டு இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பது. தலைப்புதான் போகும் என்று நம்ப முடியும். பின்னாலுள்ள தரவு முழுமையாகப் போகாது. மெம்காப்பி செய்து, முழு நீளத்தையும் நீங்களே கொடுங்கள்.

### வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்பாதீர்கள்

பாக்கெட்டிலோ கோப்பின் தலைப்பிலோ எழுதியிருக்கும் நீளம், அனுப்பியவர் சொல்வது மட்டுமே. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை இதற்குச் சாட்சி. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள், வந்த செய்தியில் சொல்லியிருந்த நீளத்தை, உண்மையில் வந்த பைட்டுகளோடு ஒப்பிடாமல் ஏற்றுக்கொண்டது. ஒரு சில பைட் அனுப்பிவிட்டு நீளம் அறுபதாயிரத்துச் சொச்சம் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கேபி வரை எடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அதில் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் இருக்கலாம். 2012-இல் வெளிவந்த பதிப்பிலேயே இந்த ஓட்டை இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. சொல்லப்பட்ட நீளத்தைப் படியுங்கள்.
2. உண்மையில் கையிலுள்ள பைட்டுகள் எத்தனை என்று பாருங்கள்.
3. முதலாவது அதிகமென்றால் நிராகரியுங்கள்.
4. உங்கள் வேலைக்கு நியாயமான உச்ச வரம்பு ஒன்றை வைத்து, அதைத் தாண்டினாலும் நிராகரியுங்கள்.

## சோதித்துப் பார்த்தல்

சரியான விடை வந்ததால் நிரல் சரி என்று முடிவு கட்டாதீர்கள். நினைவகப் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி ஒளிந்திருப்பவை.

1. அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்யுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கிறது. எல்லை தாண்டி எழுதுவது, விடுவித்த இடத்தைத் தொடுவது, இரண்டு முறை ஃப்ரீ செய்வது ஆகியவற்றை வரி எண்ணோடு காட்டும். மறுபடி கம்பைல் செய்ய முடியாத நிரலுக்கு வால்கிரிண்ட் உதவும்.
2. சோதனையின்போது ஒவ்வொன்றாக வளருங்கள். எண்ணிக்கையைத் தாண்டி, ஆனால் கொள்ளளவுக்குள் படித்தால் சானிடைசருக்குத் தெரியாது. அது நீங்கள் முறைப்படி வாங்கிய இடம்தான். ஒவ்வொன்றாக வளர்த்தால் காலி இடமே இருக்காது. எல்லை மீறல் உடனே அகப்படும். பழைய முகவரிப் பிழைகளும் இதிலேயே வெளிவரும்.
3. இடம் கிடைக்காத நிலையை நீங்களே உண்டாக்குங்கள். ரீஅலாக்கை உங்கள் சொந்த ஃபங்ஷன் ஒன்றின் வழியாக அழையுங்கள். அது ஐந்தாவது அழைப்பில் வேண்டுமென்றே நல் திருப்பட்டும். அதன் பிறகும் பழைய பதிவுகள் அத்தனையும் சரியாக இருக்க வேண்டும்.
4. காலிக் கோப்பு, ஒரே வரி, 4 வரிகள், 5 வரிகள் ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். பிழைகள் எல்லைகளில்தான் குடியிருக்கும்.

## தொடர்பட்டியல் நல்லதில்லையா?

ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக வாங்கிப் பாயின்டரால் கோப்பது தொடர்பட்டியல். பதிவுகள் இடம் மாறாது என்பது அதன் பலம். ஆனால் 4 பைட் முழு எண் ஒன்றை இப்படி வைத்தால், பாயின்டரும் இடைவெளியும் சேர்ந்து 16 பைட். 64-பிட் ஜிலிப்சியின் கணக்கு வைப்பையும் கூட்டினால் நினைவகத்தில் 32 பைட் போகிறது. அணியிலோ, பல கணினிகளில் 64 பைட் அளவுள்ள ஒரு கேஷ் வரியில் அத்தகைய 16 எண்கள் ஒன்றாக வந்து சேரும். வரிசையாகப் படிக்கும் வேலைக்கு அணியைத்தான் முதலில் எடுங்கள்.

## மற்ற மொழிகளில் இதே விதி

- சி++: எத்தனை வரும் என்று முன்பே தெரிந்தால் ரிசர்வ் செய்யுங்கள், ஒரே ஒரு முறை. சுழற்சிக்குள் ஒவ்வொன்றாக ரிசர்வ் செய்தால் பெருக்கி வளரும் பலன் போய்விடும். வெக்டர் வளர்ந்தபின் பழைய இட்டரேட்டரைத் தொடாதீர்கள்.
- கோ: அப்பெண்ட் புது அணியைத் திருப்பலாம். விடையை மறக்காமல் அதே மாறியில் வாங்குங்கள்.
- ரஸ்ட்: ஓர் உறுப்பின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு அதே வெக்கில் சேர்க்க முயன்றால் கம்பைலரே மறுத்துவிடும்.
- பைத்தான்: லிஸ்டில் சேர்த்துக்கொண்டே அதன் கெட்சைஸ்ஆஃப் அளவை அச்சிட்டுப் பாருங்கள். அளவு ஒவ்வொரு முறையும் கூடாமல் இடையிடையே தாவுவது தெரியும். அந்தத் தாவல்தான் கொள்ளளவு வளரும் இடம்.

## அறிகுறியும் காரணமும்

- ஃப்ரீ செய்யும் வரியில் நிரல் விழுகிறது: பிழை அந்த வரியில் இருக்க வாய்ப்புக் குறைவு. எங்கோ முன்பே எல்லை தாண்டி எழுதியிருக்கிறீர்கள், அல்லது இரண்டு முறை விடுவிக்கிறீர்கள்.
- சின்னக் கோப்பில் சரி, பெரிய கோப்பில் தரவு கெடுகிறது: பழைய முகவரி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.
- முதல் இரண்டு பதிவு சரி, பிறகு குப்பை: பதிவின் அளவுக்குப் பதிலாகப் பாயின்டரின் அளவைக் கொடுத்திருக்கலாம்.
- நிரல் ஓட ஓட நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது: உள்ளே இருக்கும் சரங்களை விடுவிக்காமல் அணியை மட்டும் விடுவிக்கிறீர்கள்.
- காலி அணியில் சுழற்சி நிற்காமல் ஓடுகிறது: எண்ணிக்கை 0-இலிருந்து 1 கழிக்கப்படுகிறது.

## பயிற்சி

1. ஆறு செய்முறைகளையும் கொண்டு மழைப் பதிவு நிரலை முழுமையாக எழுதுங்கள். கோப்பைப் படித்து, மிக அதிக மழை பெய்த நாளை அச்சிடட்டும்.
2. அந்த நாளை நினைவில் வைக்கப் பாயின்டரைப் பயன்படுத்தினீர்களா, வரிசை எண்ணைப் பயன்படுத்தினீர்களா என்று உங்கள் நிரலைத் திரும்பப் பாருங்கள்.
3. தேதிகளைச் சரமாக மாற்றி, விடுவிக்கும் ஃபங்ஷனைத் திருத்துங்கள். சானிடைசர் ஒரு பைட் லீக்கும் காட்டக் கூடாது.
4. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் அருகே நின்று கேளுங்கள்: இந்த இடத்தில் நிரல் நின்றுபோனால், முகவரி, எண்ணிக்கை, கொள்ளளவு மூன்றும் உண்மை சொல்லுமா? இல்லை என்று விடை வரும் வரிகளின் வரிசையை மாற்றி அமையுங்கள். எல்லா வரிக்கும் ஆம் என்று வந்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.